ஒரே ராத்திரியில் ரெண்டு கோடாங்கி

நான் காதலித்த பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்துக் கொடுத்த முட்டாள் நான்தான். இதை எடுத்த எடுப்பிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கடைசியில் பையன் ஜெயித்துவிடுவான் என்று நம்பிப் படித்து யாரும் ஏமாறக் கூடாது. பையன் ஜெயிக்கவில்லை. அவனை யாரும் தோற்கடிக்கவும் இல்லை. இருபத்துமூன்று வயதில், கை கால் சுகத்தோடு, புத்தி சுவாதீனத்தோடு (இருந்த கொஞ்சத்தோடு), ஒரு நடுராத்திரியில் அவள் வீட்டுக் கதவுக்கு வெளியே நின்று, கேட்ட கேள்விக்குத் தெளிவாகப் பதில் சொல்லி, அவளை இன்னொருவனுக்குத் தாரை வார்த்துவிட்டு வந்தேன்.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது. கருமத்தம்பட்டியிலிருந்து உள்ளே நாலு மைல் தள்ளி எங்கள் தோட்டம். எங்கள் பக்கத்தில் இடது, வலது என்று யாரும் பேசுவதில்லை. எல்லாம் திசைதான். கட்டிலில் கிடப்பவனைக்கூட 'கொஞ்சம் வடக்கால தள்ளிப் படு கண்ணு' என்றுதான் சொல்வார்கள். முதுகு அரித்தால், 'அங்க இல்லீங்க, இன்னும் மேக்கால' என்று சொறியச் சொல்கிற ஊர். அதனால் நாங்கள் கெழக்கால ஊட்டுக்காரர்கள். அடுத்த தோட்டம் மேக்கால ஊட்டுக்காரர்கள். அந்த மேக்கால ஊட்டு நாச்சிமுத்து மாமனின் ஒரே மகள் சாந்தாமணி.

ரெண்டு தோட்டத்துக்கும் நடுவில் ஒரு பங்குக் கிணறு. வாரத்தில் மூன்று நாள் எங்கள் முறை, மூன்று நாள் அவர்கள் முறை. (ஏழாம் நாள் யாருக்கு என்பதில்தான் சண்டை.) ஒரு கோடையில் ஊர்ப் பெரியவர்களை வைத்துப் பேசும்போது என் அப்பா நாச்சிமுத்து மாமனைப் பார்த்து, "நீ சும்மா இரு" என்று சொல்லிவிட்டார். வெளியூர்க்காரர்களுக்கு இதில் என்ன குற்றம் என்று விளங்காது. எங்கள் ஊரில் எருமையை ஓட்டும்போதுகூட 'ங்க' போடுகிறவர்கள் உண்டு. 'நீங்க சும்மா இருங்க' என்று சொல்லிக் கன்னத்தில் ஒன்று விட்டிருந்தால்கூட மாமன் மறந்திருப்பார். ஒரு 'ங்க' விட்டுப்போனது, பதினாலு வருஷம் பேச்சுவார்த்தை நின்றுபோனது. அதற்கப்புறம் சண்டை மட்டும் ரொம்ப மரியாதையாக நடந்தது. "உங்க மாடு எங்க சோளத்த மேஞ்சுபோட்டுதுங்க. அடுத்த தடவ கால முறிச்சுபோடுவனுங்க" என்று வேலிக்கு அந்தப் பக்கமிருந்து வரும். "முறிச்சுத்தான் பாருங்களேன்" என்று இந்தப் பக்கமிருந்து போகும்.

இந்த லட்சணத்தில் காதல். கருமத்தம்பட்டியில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட். அவள் தமிழ் லோயர் கிரேடு சேர்ந்தாள். மறுநாளே நான் இங்கிலீஷ் லோயர் சேர்ந்தேன். ஏழு மாதம் முதல் பாடத்தின் முதல் வரியையே அடித்துக்கொண்டிருந்தேன். விரல் என் மெஷினில், கண் பக்கத்து மெஷினில். வீட்டிலும் அதே கதைதான். பல் விளக்கும்போது மேக்கே பார்ப்பேன். மாட்டுக்குத் தண்ணி காட்டும்போது மேக்கே. அவர்கள் வீட்டு ஓட்டுக்கூரை, நாலு தென்னை, அதற்குப் பின்னால் இறங்குகிற சூரியன். உலகத்தில் எனக்கு நல்லது என்று எது வந்தாலும் மேக்கேயிருந்துதான் வரும் என்று மனசு பழகிப்போயிருந்தது.

தை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, அவள் மெஷினிலிருந்து உருவிய தாள் ஒன்று பாடப் புத்தகத்துக்குள் ஒளிந்து என் மேஜைக்கு வந்தது. தப்பில்லாமல் அடித்திருந்தாள். தொண்டாமுத்தூரிலிருந்து கேட்டு வந்திருக்கிறார்கள். (கோயம்புத்தூரையும் தாண்டி மேற்கே, மலையடிவாரம்.) அப்பா திங்கட்கிழமை பதில் சொல்லப்போகிறார். சனிக்கிழமை ராத்திரி ஒரு மணிக்கு எங்கள் வீட்டுச் சோளத்தட்டுப் போருக்குப் பின்னால் வாங்க. உங்கப்பாவிடம் பேசி, பொண்ணு கேட்டு ஆள் அனுப்புவீங்களா மாட்டீங்களா, நேரில் ஒரே வார்த்தை சொல்லிப்போடுங்க.

அந்த ராத்திரியை அவள் தேர்ந்தெடுத்ததில் ஒரு யோசனை இருந்தது. அது சாமக்கோடாங்கி நடமாடுகிற சமயம். அறுவடை முடிந்ததும் அவர் வருவார். நடுச்சாமத்தில் சுடுகாட்டுக்குப் போய் ஏதோ செய்துவிட்டு, கையில் சின்ன உடுக்கையைக் குடுகுடுவென்று ஆட்டிக்கொண்டு ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று நல்லது கெட்டது சொல்லிப் போவார். உள்ளே எல்லாரும் முழித்துக்கொண்டுதான் படுத்திருப்பார்கள். ஆனால் கதவைத் திறக்கமாட்டார்கள். எதிரில் போனால் ரத்தம் கக்கிச் சாவு என்பது ஊர் நம்பிக்கை. நாய்களுக்கு மந்திரத்தால் வாய்க்கட்டுப் போட்டுவிடுவார் என்றும் சொல்வார்கள். பகலில் வந்து தானியமும் பழைய துணியும் வாங்கிப் போகும்போதுதான் அவர் முகத்தைப் பார்க்கலாம். ஆக, கோடாங்கிக்குப் பயந்து ஒருத்தரும் வெளியே வரமாட்டார்கள், நமக்குப் பயமில்லை என்பது சாந்தாமணியின் திட்டம். கோடாங்கி என்றால் நமக்கும் பயம் உண்டு என்பதை அந்தப் பெண்ணிடம் எப்படிச் சொல்வது?

சனிக்கிழமை ராத்திரி அப்பாவின் மூணு செல் டார்ச்சை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அது எரியாது. ஸ்பிரிங் தளர்ந்து உள்ளே பேட்டரி ஆடிக்கொண்டிருக்கும். எரியாவிட்டாலும் கையில் ஒன்று இருக்கிற தைரியம். சுற்றுவட்டாரத்தில் விசைத்தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. அந்த டக்கடக் சத்தம் எங்களுக்கு மூச்சு மாதிரி. இருப்பதே தெரியாது. வேலிக் கடவைத் தாண்டி இட்டேரிக்குள் இறங்கினேன், கரண்ட் போனது.

அப்போதுதான் தெரிந்தது, அத்தனை வருஷமாக நான் ஒருநாளும் உண்மையான அமைதியைக் கேட்டதில்லை என்று. யாரோ பின்னாலிருந்து வந்து ரெண்டு காதையும் பொத்தினது மாதிரி இருந்தது. இட்டேரி என்பது ரெண்டு பக்கமும் ஆளுயர முள்வேலிக்கு நடுவில் போகிற வண்டித்தடம். மேலே கிளுவை மரங்கள் கைகோர்த்து வானத்தை மூடியிருந்தன. கீழே கணுக்கால் வரைக்கும் புழுதி. காலை வைத்தால் சத்தமே கேட்காது. நான் நடக்கிறேனா, நின்றுகொண்டிருக்கிறேனா என்பதே எனக்குச் சந்தேகமாக இருந்தது. நிலாவும் இல்லை.

பத்தடி போனேன். பின்னால் ஒரு சத்தம். கடகட. நின்றேன், அதுவும் நின்றது. நடந்தேன், நான் ஒரு எட்டு வைத்த பிறகு அது ஒரு எட்டு வைத்தது. அந்த இட்டேரி முனி ஓடுகிற தடம், குறுக்கே நின்றவன் எழுந்ததில்லை என்று அம்மா சொன்னது, மிகச் சரியாக அந்த இடத்தில் ஞாபகம் வந்தது. கொஞ்ச நேரம் குலதெய்வத்திடம் பேச்சுவார்த்தை நடத்தினேன். (கெடா வெட்டுவதாக வேண்டிக்கொண்டேன். இன்னும் வெட்டவில்லை.) அப்புறம்தான் மூளைக்கு எட்டியது, ஆடுவது என் கையிலிருந்த டார்ச்சின் பேட்டரி. எனக்கே சிரிப்பு வந்தது. டார்ச்சை மார்போடு சேர்த்து இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

சத்தம் நிற்கவில்லை.

இப்போது அது பின்னால் இல்லை. முன்னால், தூரத்தில். குடுகுடு. நிற்கும். குடுகுடு. மேக்கால ஊட்டு நாய்கள் மேகம் நகர்ந்தாலே குரைக்கிற ஜாதி. அவை குரைக்க ஆரம்பித்து, பாதிக் குரைப்பில் நின்றன. தூங்கிப்போன மாதிரி இல்லை. யாரோ வாயை மூடினது மாதிரி.

திரும்பி ஓடியிருக்கலாம். கால் வரவில்லை. (காதல் தடுத்தது என்று ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். பயத்தில் மரத்துப்போனதுதான் நிஜம்.) வேலியோடு வேலியாக முதுகை ஒட்டினேன். முள் உள்ளே இறங்கியது. வலிக்கக்கூட இல்லை.

உடுக்கைச் சத்தம் நின்றது. அப்புறம் ஒரு வாசம் வந்தது. ஈரத் துணி, சாம்பல். அதற்குப் பிறகுதான் ஆள் வந்தார். தலையோடு கால் போர்த்திய கறுப்புக் கம்பளி. அந்தப் புழுதியில் அவருக்கும் சத்தமில்லை. எனக்கு ஒரு முழ தூரத்தில் வந்து நின்றார். முகம் என் பக்கம் திரும்பவில்லை. நான் மூச்சை நிறுத்தியிருந்தேன். போகிற போக்கில் காளை மாட்டுக்குச் சொல்வதுபோல, மெதுவாகச் சொன்னார்.

"போற எடத்துல வாயத் தொறக்காத சாமி."

அவ்வளவுதான். போய்விட்டார். ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது, மறுபடி குடுகுடு கேட்டது. அந்த நேரத்துக்குள் மனுஷன் நடந்து போக முடியாத தூரத்திலிருந்து கேட்டது.

இத்தனை தெளிவான அறிவுரை என் வாழ்க்கையில் அதற்கு முன்னும் கிடைத்ததில்லை, பின்னும் கிடைத்ததில்லை.

தட்டுப்போருக்குப் பின்னால் அவள் முன்னாடியே வந்து நின்றிருந்தாள். தலையில் வெள்ளைத் துண்டு. அதைப் பார்த்து நான் போட்டிருக்க வேண்டிய கத்தல் தொண்டையில் தண்ணீர் இல்லாததால் வரவில்லை. நல்லவேளை.

"ஏனுங்க, இவ்வளவு நேரமுங்களா? கோடாங்கி இப்பத்தான் எங்க வாசல்ல நின்னுபோட்டுப் போச்சு. அப்பா முழிச்சிருக்காரு. ஒரே வார்த்தை. உங்கப்பாகிட்டப் பேசறீங்களா இல்லீங்களா?"

என் கஷ்டம் என்னவென்றால், யார் எதைக் கேட்டாலும் முதலில் ஒரு ஜோக் சொல்லாமல் எனக்குப் பதில் வராது. 'முழிச்சிருக்கறாரா, இங்க வரைக்கும் கேக்கற கொறட்டை அப்ப எருமையோடதா' என்றேன். இருட்டில் அவள் சிரித்தாளா என்று தெரியவில்லை. சிரிக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். "பதில் சொல்லுங்க" என்றாள். குரல் கொஞ்சம் உடைந்திருந்தது. அப்போதுதான் உறைத்தது, இது விளையாட்டு இல்லை, திங்கட்கிழமைக்கு ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது என்று. 'பேசறேன்' என்று சொல்வதற்காக நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தேன். மூச்சோடு சோளத்தட்டுத் தூசியும் உள்ளே போனது.

அப்படி ஒரு தும்மலை நான் அதற்குப் பிறகு தும்மியதில்லை.

அவள் துண்டோடு மாட்டுக்கொட்டகைக்குள் மறைந்தாள். வீட்டுக்குள் கட்டில் முனகியது. "ஆருங்க அது?" என்று நாச்சிமுத்து மாமனின் குரல், கதவுக்கு அந்தப் பக்கம், மிக அருகில்.

ஓடியிருக்கலாம். பத்தடியில் வேலி. ஆனால் என் கையில் டார்ச் இருந்தது. தலையில் அதைவிட மோசமான ஒன்று, யோசனை, உதித்தது. கோடாங்கி என்றால் கதவைத் திறக்கமாட்டார்கள். டார்ச்சை உயர்த்திக் குடுகுடுவென்று ஆட்டினேன். பேட்டரி மூன்றும் பிரமாதமாக ஒத்துழைத்தன. குரலை அடித்தொண்டைக்குக் கொண்டுபோனேன்.

"நல்ல காலம் பொறக்குது. இந்த ஊட்டுக்கு நல்ல காலம் பொறக்குது. ஜக்கம்மா சொல்றா."

கதவு திறக்கவில்லை. அத்தோடு நகர்ந்திருந்தால் இந்தக் கட்டுரையே இருந்திருக்காது. எனக்கோ ஒரு சின்னப் பெருமை. நன்றாக வந்தது. இன்னொரு வரி சேர்த்தேன். "கன்னிப்பொண்ணு இருக்கற ஊடு. கல்யாணம் கூடி வருது."

இப்போது கதவுக்குப் பின்னால் தாழ்ப்பாள் மெல்ல அசைந்து, திறக்காமல் நின்றது. கோடாங்கியோடு யாரும் பேசுவதில்லை. மாமன் பேசினார். ரொம்ப அமைதியாக, பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி.

"புள்ளைக்கு எடம் பாத்துட்டிருக்கறனுங்க சாமி. எந்தத் தெசையில அமையுமுங்க?"

தெய்வமே கொண்டுவந்து கொடுத்த கேள்வி. ரெண்டு வருஷமாக எந்தத் திசையைப் பார்த்துப் பல் விளக்கினேனோ, எந்தத் திசையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டேனோ, அந்தத் திசை வாய் நுனியில் தயாராக நின்றது.

"மேக்கே" என்றேன். "மேக்கால இருந்து வருவான் மாப்பிள்ளை."

மாட்டுக்கொட்டகைக்குள் பளார் என்று ஒரு சத்தம். கொசு அடிக்கிறாள் என்று நினைத்தேன். (தலையில் அடித்துக்கொண்டிருக்கிறாள்.)

தாழ்ப்பாள் இன்னொரு தடவை அசைந்தது. அப்புறம் மாமன் மறுபடியும் கேட்டார். "நல்லா ரோசன பண்ணிச் சொல்லுங்க சாமி. மேக்காலதானுங்களா? கெழக்கால ஏதும் இல்லீங்களா?"

வாக்கு சொல்கிறவன் வார்த்தை மாறினால் மரியாதை இருக்குமா? அழுத்தமாக ஆட்டினேன். "கெழக்கே ஒண்ணுமில்ல. மேக்கேதான். ஜக்கம்மா வாக்கு பொய்க்காது."

"சரிங்க" என்றார் மாமன். தாழ்ப்பாள் திரும்ப விழுந்தது.

நான் ஏதோ பெரிய காரியம் சாதித்தவன் மாதிரி இட்டேரிக்குத் திரும்பினேன். பாதித் தடத்தில் மறுபடியும் அந்தக் குடுகுடு கேட்டது. இந்தத் தடவை எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை, எல்லாப் பக்கமும். அதற்கு மேல் கால் எடுத்துவைக்க என்னால் ஆகவில்லை. வேலிச் சந்து வழியாகப் பங்குக் கிணற்று மேட்டுக்கு ஏறி, டார்ச்சைக் கட்டிப்பிடித்தபடி உட்கார்ந்தேன். கிணற்றுக்குள் தண்ணீர் அவ்வப்போது 'க்ளுக்' என்றது. யாரோ உள்ளே உட்கார்ந்து சிரிப்பை அடக்குகிற மாதிரி. கீழே பார்க்கவில்லை.

எத்தனை நேரமோ. வெள்ளி முளைத்தது. விடிவெள்ளி எங்கே முளைக்கும்? கிழக்கே. நிமிர்ந்து பார்த்தேன். அது எங்கள் மோட்டார் ரூமுக்கு நேர் மேலே, என் வீட்டுத் தென்னைக்கு நடுவில், பளிச்சென்று நின்றுகொண்டிருந்தது.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. எனக்குத்தான் அவள் மேக்கே. அவளுக்கு நான் கெழக்கே. அவள் வீட்டு வாசலில் நின்று நான் கைகாட்டியிருக்கிற இடம் நேராகத் தொண்டாமுத்தூர்.

காய்ச்சல் வந்தது. ரெண்டு நாள் நிஜக் காய்ச்சல். மூணாவது நாளும் படுத்திருந்ததற்குக் காரணம் பயம்தான். இதையும் ஒப்புக்கொள்கிறேன். நடுவில் திங்கட்கிழமை வந்து போனது. ஞாயிற்றுக்கிழமையே எழுந்து அப்பாவிடம் பேசியிருக்கலாம். பேசவில்லை. 'முனி தடத்துல குறுக்க போயிட்டியா கண்ணு' என்று அம்மா கேட்டுக்கொண்டே இருந்தார். நான் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். (கிழக்குச் சுவர்.)

செவ்வாய்க்கிழமை பகலில் கோடாங்கி தானியம் வாங்க வந்தார். வெயிலில் பார்த்தால் பாவம், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, மூக்குக்கண்ணாடியில் நூல் கட்டிய ஒரு மனுஷன். அம்மா உள்ளே போன சமயம் பார்த்து, சனிக்கிழமை ராத்திரி இட்டேரியில் வைத்து என்னிடம் சொன்னதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன். அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். சனிக்கிழமை அவருக்கும் காய்ச்சலாம். அவிநாசியில் மச்சான் வீட்டில் படுத்திருந்தாராம். இந்தப் பக்கத்துக்கு இந்த வருஷம் தன்னைத் தவிர வேறு ஆள் கிடையாது என்றார். தானியத்தை வாங்கிக்கொண்டு கொஞ்சம் வேகமாகவே கிளம்பிவிட்டார். அந்த ஒரு முழ தூரத்தில் நின்றது யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இப்போதும் ராத்திரியில் ஈரத் துணி வாசம் வந்தால் நான் பேச்சை நிறுத்திவிடுவேன்.

சாந்தாமணியை அடுத்த வாரம் இன்ஸ்டிடியூட்டில் கடைசியாகப் பார்த்தேன். என் மெஷினில் ஒரு தாள் சொருகியிருந்தது. மேலிருந்து கீழே வரைக்கும் ஒரே வார்த்தை, 'மேக்கு'. ஒரு எழுத்துப் பிழை இல்லை. வெளியே பஸ் ஸ்டாப்பில் நான் மன்னிப்புக் கேட்டபோது அவள் அழவில்லை, திட்டவுமில்லை. சாமியே சொல்லிப்போட்டுது என்று அப்பா திங்கட்கிழமை காலையிலேயே தொண்டாமுத்தூருக்கு ஆள் அனுப்பிவிட்டாராம்.

"அது நீங்கதான்னு நான் சொல்லியிருக்கோணும்ங்க. சொன்னா என் மானம் போகும், சொல்லலீன்னா நீங்க போவீங்க. ஞாயித்துக்கெழம முச்சூடும் பாத்தேன். நீங்க வாரதாக் காணோம். மானத்த வெச்சுக்கிட்டனுங்க" என்றாள். பஸ் வந்தது. அதுவும் மேக்கே போகிற பஸ்தான்.

கல்யாணம் நடந்தது. நல்ல மாப்பிள்ளை, பாக்குத் தோட்டம், ரெண்டு பிள்ளைகள். ஜக்கம்மா வாக்கு பொய்க்கவில்லை. எனக்குப் பவானியில் பெண் அமைந்தது. அது கிழக்கு. என் மனைவிக்கு எல்லாக் கதையும் தெரியும். 'ஒரு புள்ள தப்பிச்சுது' என்பது அவளுடைய தீர்ப்பு. வீட்டுக்கு யாராவது போனில் வழி கேட்டால், நான் 'ஹலோ' சொல்வதற்குள் மகன் ஓடிவந்து போனைப் பிடுங்கிவிடுவான். 'அப்பா, நீங்க தெச சொல்லாதீங்க, பாவம் அவங்க எங்கயாச்சும் கல்யாணமாயிப் போயிருவாங்க' என்பான். சொந்தக்கார வீட்டில் பெண் பார்க்கும் பேச்சு ஆரம்பித்தால் என்னை எழுப்பிக் காபி வாங்கி வர அனுப்பிவிடுகிறார்கள்.

ரெண்டு வீட்டுப் பகையும் தானாகவே தீர்ந்தது. கிணறு வற்றிப்போனது. முறை வைத்துச் சண்டை போடத் தண்ணீர் இல்லை. அப்பாவே ஒருநாள் "வாங்க" என்றார், மாமனும் வந்தார்.

போன வருஷம் அவிநாசியில் ஒரு கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்தேன். பக்கத்து இலையில் நாச்சிமுத்து மாமன். எண்பது தாண்டிவிட்டது. காது மட்டும் கூர்மை. பாயசம் வந்தது. எதிரே சாந்தாமணி பேரனுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். என்ன தோன்றியதோ, மாமன் பக்கம் குனிந்து சொல்லிவிட்டேன். முப்பது வருஷமா மனசுல கெடக்குதுங்க மாமா, அன்னைக்கு ராத்திரி உங்க வாசல்ல நின்னு மேக்கேன்னு சொன்னது கோடாங்கி இல்லீங்க, நானுங்க.

மாமன் பாயசத்தை முழுசாகக் குடித்து முடித்தார். டம்ளரை வைத்தார். என்னைப் பார்த்தார்.

"தெரிஞ்சுதானுங்க கண்ணு, ரெண்டு தடவ கேட்டேன்."